"எம்புள்ளைக்கு ஏன் இது வந்துச்சு?" – மனச்சிதைவு நோயின் காரணங்கள், நர்சிங் மாணவர்களுக்காக

போன மாதம் அக்கா மகளிடமிருந்து போன். பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மனநல வார்டில் போஸ்டிங். வழக்கமாக ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டிவிட்டுத்தான் மற்ற பேச்சு. அன்றைக்கு நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"மாமா, வார்டுல ஒரு அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. பையனுக்கு இருபது வயசு. பாலிடெக்னிக் படிச்சவன். 'ஏம்மா, எம்புள்ளைக்கு ஏன் இது வந்துச்சு? நான் என்ன தப்பு பண்ணேன்?'னு திரும்பத் திரும்பக் கேட்டாங்க. டாக்டர்கிட்ட கேளுங்கம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"உங்க புக்குல என்ன போட்டிருக்கு?"

"எட்டியாலஜின்னு ரெண்டு பக்கம் இருக்கு. ஜெனிடிக், டோபமைன், ஸ்ட்ரெஸ், ஃபேமிலின்னு இருபது பாயிண்ட். பரீட்சைன்னா எழுதிடுவேன். அந்தம்மாகிட்ட இதுல எதைச் சொல்றது?"

நியாயமான கேள்வி. அன்று போனில் அரைகுறையாகப் பதில் சொன்னேன். பிறகு உட்கார்ந்து எழுதியதுதான் இந்தக் கட்டுரை. நான் மருத்துவன் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனால் இந்த நோயைப் பற்றிப் பல வருடங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு வீட்டுக் காரணம் ஒன்று உண்டு, கீழே சொல்கிறேன்.

ஒரு கேள்வி அல்ல, நான்கு

"ஏன் வந்தது?" என்பது ஒரே கேள்வி மாதிரி தெரிந்தாலும் அதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன.

1. இந்தக் குழப்பம் உடம்பில் இப்போது நடக்கும் வேறொரு கோளாறிலிருந்து வருகிறதா?
2. இத்தனை பேர் இருக்க, ஏன் இவருக்கு?
3. ஏன் இந்த வயதில், இப்போது?
4. குணமான பிறகு ஏன் திரும்ப வருகிறது?

பாடப்புத்தகம் நான்கு கேள்விக்கான பதில்களையும் ஒரே பட்டியலில் கொட்டிவிடுகிறது. அதில்தான் சிக்கல். உதாரணமாக, வீட்டில் ஓயாமல் திட்டும் சூழல் என்பது முக்கியமாக நான்காவது கேள்விக்கான பதில். அதைத் தூக்கி இரண்டாவது கேள்விக்குப் பதிலாக வைத்தால் ஒரு தாயைக் குற்றவாளி ஆக்கிவிடுவோம். பரீட்சையில் இரண்டுக்கும் ஒரே மார்க்தான். வார்டில் அப்படி இல்லை.

முதலில் பெயர்கள்

சைக்கோசிஸ் என்பது நோயின் பெயர் அல்ல, ஒரு நிலையின் பெயர். காய்ச்சல் மாதிரி. இல்லாத குரல் கேட்கும், இல்லாத உருவம் தெரியும், இது ஹாலுசினேஷன். யார் எவ்வளவு சொன்னாலும் மாறாத தவறான நம்பிக்கை இருக்கும், இது டெலூஷன். பேச்சும் நடத்தையும் கோவையில்லாமல் போகும். மொத்தத்தில் எது நிஜம் என்று பிரித்தறிய முடியாத நிலை. காய்ச்சல் என்றவுடன் டைபாய்டா, டெங்குவா என்று தேடுகிற மாதிரி, சைக்கோசிஸ் என்றவுடன் எதனால் என்று தேட வேண்டும்.

ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய், சைக்கோசிஸை உண்டாக்கும் நோய்களில் ஒன்று. இதில் குரல் கேட்பது, சந்தேகம் ஆகியவற்றோடு, பேச்சு குறைதல், முகத்தில் உணர்ச்சி வற்றிப்போதல், எதிலும் ஆர்வமின்மை போன்ற எதிர்மறை அறிகுறிகளும் சேர்ந்து வரும். அமெரிக்க டி.எஸ்.எம்.-5 முறைப்படி, தொந்தரவு குறைந்தது ஆறு மாதம் இருந்தால்தான் இந்தப் பெயரை வைக்க முடியும். ஆகவே ஒரு வாரமாகக் குரல் கேட்கிறது என்று வந்தவருக்கு யாரும் அவசரப்பட்டு ஸ்கிசோஃப்ரினியா என்று முத்திரை குத்தக் கூடாது.

இந்தப் பெயரை 1908-இல் வைத்தவர் சுவிட்சர்லாந்தின் ஆய்கன் ப்ளாய்லர். கிரேக்கத்தில் பிளவு, மனம் என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. அவர் சொன்ன பிளவு என்பது எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகியவற்றுக்கு இடையேயான இணைப்பு விட்டுப்போவது. 'அந்நியன்' படத்தில் வருகிற மாதிரி ஒரே ஆளுக்குள் மூன்று ஆட்கள் என்பது முற்றிலும் வேறு விஷயம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஏறக்குறைய 2 கோடியே 40 லட்சம் பேருக்கு, அதாவது 300 பேரில் ஒருவருக்கு, ஸ்கிசோஃப்ரினியா இருக்கிறது. அபூர்வ நோய் இல்லை.

கேள்வி 1: உடம்பிலிருந்து வருகிறதா?

நர்ஸின் கண் அதிகமாகப் பயன்படுகிற இடம் இதுதான். டாக்டர் ரவுண்ட்ஸில் பத்து நிமிஷம் பார்ப்பார். எட்டு மணி நேரம் கூட இருப்பது நீங்கள்.

அரசு மருத்துவமனை ஆர்த்தோ வார்டை எடுத்துக்கொள்வோம். கால் முறிந்து அட்மிட் ஆனவர் முதல் நாள் நன்றாகப் பேசினார். மூன்றாவது நாள் ராத்திரி கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, பெட்ஷீட்டில் பூச்சி ஊர்வதாகத் தட்டிவிடுகிறார். வார்டில் எல்லோரும் பைத்தியம் பிடித்துவிட்டது என்கிறார்கள். ஆனால் இது தினமும் குடித்தவருக்குச் சாராயம் திடீரென நின்றதால் வந்த டெலிரியம். கடைசியாகக் குடித்து இரண்டிலிருந்து நான்கு நாட்களுக்குள் வரும். கவனிக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து. சாதாரண மனநோய் என்று நினைத்துக் கட்டிப்போட்டுவிட்டால் ஆளை இழந்துவிடுவோம்.

டெலிரியத்தைப் பிரித்தறிய மூன்று விஷயங்களைப் பாருங்கள். நேரத்துக்கு நேரம் தெளிவு மாறுகிறதா? இன்று என்ன நாள், இது எந்த இடம் என்பது தெரிகிறதா? குரலைவிட உருவங்கள்தான் அதிகம் தெரிகின்றனவா? ஸ்கிசோஃப்ரினியாவில் பொதுவாகத் தெளிவு குறையாது, குரல்தான் பிரதானம். முதியவர்களுக்கு ஒரு சிறுநீர்த் தொற்றோ சோடியம் குறைவோ போதும், ஒரே ராத்திரியில் ஆள் மாறிவிடுவார்.

இன்னும் சில: அதிக அளவு ஸ்டீராய்டு, பார்க்கின்சன் நோய்க்குத் தரும் லீவோடோபா, தைராய்டு, பி12 குறைபாடு, வலிப்பு நோய், மூளைக் கட்டி, வில்சன் நோய், எச்.ஐ.வி. பிரசவமான முதல் இரண்டு வாரங்களில் வரும் சைக்கோசிஸ் ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு வரும். அது அவசர சிகிச்சைக்குரியது. தாய், குழந்தை இருவரின் உயிரும் அதில் இருக்கிறது. "பச்ச உடம்புக்காரி, ஏதோ பயந்துட்டா" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டுவிட்டு விடக் கூடாது.

2007-இல் ஜோசப் டல்மாவ் குழுவினர் விவரித்த ஒரு நோயையும் தெரிந்துகொள்ளுங்கள். என்.எம்.டி.ஏ. ஏற்பிகளுக்கு எதிராக உடம்பே எதிர்ப்பொருள் தயாரித்து மூளையில் அழற்சியை உண்டாக்கும். பெரும்பாலும் இளம்பெண்கள். முதலில் பார்த்தால் அப்படியே சைக்கோசிஸ் மாதிரி இருக்கும். பிறகு வலிப்பு, வாய் கோணும் அசைவுகள், ரத்த அழுத்தமும் இதயத்துடிப்பும் ஏறி இறங்குவது என்று போகும். சிலருக்குச் சினைப்பையில் கட்டி இருக்கும். கட்டியை எடுத்து, நோய் எதிர்ப்பை அடக்கும் சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள். வைட்டல்ஸ் சார்ட்டை ஒழுங்காக எழுதிய ஒரு நர்ஸ்தான் இதை முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர்.

இது புதிய பாடமும் இல்லை. நூறு வருடங்களுக்கு முன் மனநலக் காப்பகங்களில் இருந்தவர்களில் கணிசமானவர்களுக்கு இருந்தது மூளையைத் தாக்கிய சிபிலிஸ். 1913-இல் நொகுச்சியும் மூரும் அந்தக் கிருமியை நோயாளிகளின் மூளையிலேயே கண்டுபிடித்தார்கள். பின்னால் பென்சிலின் வந்து அந்த வார்டுகளைக் காலி செய்தது. அதுவரை அவர்களும் வெறும் 'பைத்தியங்கள்'தான்.

கேள்வி 2: ஏன் இவருக்கு?

உடம்புக் காரணம் ஏதும் இல்லை, ஸ்கிசோஃப்ரினியாதான் என்று முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி, ஏன் இவருக்கு?

மரபணுவிலிருந்து ஆரம்பிப்போம். பொதுவாக ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் வாய்ப்பு சுமார் 1%. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை யாருக்காவது இருந்தால் சுமார் 9%. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு, பழைய ஆய்வுகளின்படி கிட்டத்தட்ட பாதி. 2018-இல் வந்த டென்மார்க் ஆய்வில் 33%.

இந்த எண்களை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். 1% எங்கே, 33% எங்கே. எனவே மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே நேரம், மரபணுவில் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் இரட்டையருக்கே மூன்றில் இரண்டு பங்கு வரவில்லை! அப்படியென்றால் மரபணு மட்டும் போதாது.

இங்கே மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் ஒரு இடம் உண்டு. இதே டென்மார்க் ஆய்வு மரபுவழிப் பங்கு 79% என்கிறது. உடனே, அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு 79% வரும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தப்பு. ஒரு சமூகத்தில் சிலருக்கு நோய் வருகிறது, சிலருக்கு வரவில்லை என்ற வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபணு வேறுபாட்டால் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. தனி ஒருவரின் வாய்ப்பை அல்ல. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை. "இவங்க குடும்பத்துல பொண்ணு எடுக்கலாமா" என்று யாராவது கேட்டால் இந்த எண் கைவசம் இருக்கட்டும்.

எந்த மரபணு? ஒன்றல்ல. 2014-இல் ஒரு சர்வதேசக் கூட்டாய்வு மரபணுத் தொகுதியில் 108 இடங்களைக் காட்டியது. 2022-இல், 76,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து, 287 இடங்கள் என்றார்கள். ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். நம் எல்லோரிடமும் இவற்றில் பல இருக்கும், சிலரிடம் அதிகமாகச் சேர்ந்துவிடுகிறது. இதற்கு விதிவிலக்காக, 22-ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறப்பவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு நோய் வருகிறது. ஆனால் அது மிகக் குறைவானவர்களுக்கே இருக்கும் நிலை.

அடுத்தது கருப்பை. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படைகள் உணவை மறித்ததில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. பஞ்சத்தின் உச்சத்தில் கருவான குழந்தைகளுக்குப் பெரியவர்களான பிறகு ஸ்கிசோஃப்ரினியா வரும் வாய்ப்பு இரண்டு மடங்காக இருந்தது. 1959-61 பஞ்சத்தில் சீனாவின் வூஹு பகுதியில் பிறந்தவர்களை ஆராய்ந்து 2005-இல் வந்த கட்டுரையும் அதே இரண்டு மடங்கைத்தான் சொல்கிறது. வேறு நாடு, வேறு இனம், வேறு சாப்பாடு, ஒரே முடிவு. பிரசவத்தில் குழந்தைக்கு ஆக்சிஜன் குறைவது, கர்ப்பத்தில் தாய்க்குக் கடுமையான தொற்று ஆகியவையும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுகின்றன. அந்த வகையில் கர்ப்பிணிக்குச் சத்தான சாப்பாடும் நல்ல பிரசவ வார்டும் மனநல வேலையும்தான்.

கேள்வி 3: ஏன் இப்போது?

ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலிருந்து இருபதுகளின் நடுவுக்குள், பெண்களுக்குச் சில வருடங்கள் தள்ளி. கருவிலேயே விதை விழுந்துவிட்டது என்றால் ஏன் இருபது வருடம் காத்திருக்கிறது?

மூளை வளர்ந்து முடிவதே இருபதுகளில்தான் என்பது ஒரு முக்கியமான துப்பு. பதின்வயதில் மூளை தேவையற்ற நரம்பு இணைப்புகளை வெட்டிக் கழிக்கிறது, செடியைக் கவாத்து செய்கிற மாதிரி. இந்தக் கவாத்து அளவுக்கு மீறிப் போவதால் நோய் வரலாம் என்று 1982-லேயே ஃபைன்பெர்க் எழுதினார். 2016-இல் ஹார்வர்ட் குழுவினர், சி4 என்ற நோய் எதிர்ப்பு மரபணுவின் சில வடிவங்கள் நோய் வாய்ப்பைக் கூட்டுவதையும், எலிகளில் அந்த மரபணு இணைப்புகளை வெட்டும் வேலையில் பங்கெடுப்பதையும் காட்டினார்கள். முழுக் கதை அல்ல, ஆனால் வயதுக் கணக்குக்கு நன்றாகப் பொருந்துகிறது.

அந்த வயதில்தான் வெளியிலிருந்தும் சுமை ஏறுகிறது. முக்கியமானது கஞ்சா. சுவீடனில் ராணுவச் சேர்க்கைக்கு வந்த 45,570 இளைஞர்களை 15 வருடம் பின்தொடர்ந்தார்கள். 1987-இல் வந்த முடிவு: ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்தவர்களுக்கு நோய் வாய்ப்பு ஆறு மடங்கு. 2019-இல் வந்த ஐரோப்பிய ஆய்வில், வீரியம் கூடிய கஞ்சாவைத் தினமும் எடுத்தவர்களுக்குச் சைக்கோசிஸ் வாய்ப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. புகைத்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வரவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை. காலேஜ் பையன்களிடம் "அது மூலிகைதானே" என்ற பேச்சு ஓடுகிறது. அவர்களிடம் இந்த எண்களைச் சொல்லுங்கள்.

சமூகத்துக்கும் பங்குண்டு. 1932-இலேயே ஓடெகார்ட் என்பவர், நார்வேயிலிருந்து அமெரிக்காவின் மினசோட்டாவுக்குக் குடிபெயர்ந்தவர்களிடம் இந்த நோய் அதிகம் என்று எழுதினார். பின்னால், இங்கிலாந்தில் வாழும் கரீபியன் வம்சாவளியினரிடம் பல மடங்கு அதிகம் என்று தெரிந்தது. ஆனால் ஜமைக்காவிலும் டிரினிடாடிலும் போய்ப் பார்த்தால் அங்கே அப்படி இல்லை. ரத்தம் ஒன்றுதான், ஊர்தான் வேறு. ஒதுக்கப்படுவதும், தனிமையும், அந்நியமாக வாழ்வதும் மூளையைத் தொடுகின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சிறுவயதில் அனுபவித்த கொடுமைக்கும் பங்குண்டு. பாலியல் வன்முறை, அடி உதை, புறக்கணிப்பு, பள்ளியில் சதா கேலி வதை ஆகியவற்றை அனுபவித்தவர்களுக்குச் சைக்கோசிஸ் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2012-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள். கொடுமை என்பதை அடிக்கோடிடுங்கள். மார்க் குறைந்ததற்கு அப்பா திட்டியது இந்தக் கணக்கில் வராது.

இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க, ஜூபினும் ஸ்பிரிங்கும் 1977-இல் சொன்ன மாதிரி உதவும். ஆளுக்கு ஒரு குடம். சிலர் பிறக்கும்போதே குடத்தில் முக்கால்வாசித் தண்ணீர். சிலருக்கு அடியில் கொஞ்சம். கஞ்சா, தூக்கமின்மை, இழப்பு, தனிமை என்று வாழ்க்கை ஊற்றிக்கொண்டே இருக்கிறது. வழிந்தால் நோய். கடைசிச் சொம்பு மட்டும்தான் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். "காதல் தோல்வி, அதான் இப்படி ஆயிட்டான்" என்று ஊரே சொல்லும். எங்கள் தொழிலிலும் இதேதான். சர்வர் விழுந்தால் கடைசியாகக் கோட் மாற்றியவன் மாட்டிக்கொள்வான். உள்ளே போய்ப் பார்த்தால் ஐந்து வருடப் பிரச்சினைகள் ஐந்து ஒன்றாகக் கூடியிருக்கும்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

1952-இல் பாரிஸில் டெலேயும் டெனிகரும் குளோர்புரோமசின் மருந்தைச் சைக்கோசிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள், குரல்கள் அடங்கின. ஏன் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1963-இல் கார்ல்சனும் லிண்ட்குவிஸ்டும், இந்த மருந்துகள் மூளையின் டோபமைன் ஏற்பிகளைத் தடுக்கின்றன என்ற கருத்தை முன்வைத்தார்கள். மறுபக்கம், டோபமைனைக் கூட்டும் ஆம்ஃபெட்டமைனை அதிகமாக எடுத்தவர்களுக்குச் சந்தேக நோய் வந்தது. இரண்டையும் சேர்த்தால் டோபமைன் கோட்பாடு.

டோபமைனை வெறும் இன்ப ரசாயனம் என்று மனப்பாடம் செய்யாதீர்கள். 'இது முக்கியம், கவனி' என்று மூளை ஒட்டும் ஸ்டிக்கர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அது அளவுக்கு மீறிச் சுரந்தால், முக்கியமில்லாததற்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டப்படும். பஸ்ஸில் ஒருவர் இருமுகிறார். எனக்குத்தான் சிக்னல் கொடுக்கிறார். டிவியில் செய்தி வாசிப்பவர் என்னைப் பார்த்துத்தான் பேசுகிறார். இத்தனை அர்த்தங்களுக்கும் ஒரு விளக்கம் வேண்டுமே? மனம் ஒரு கதை கட்டுகிறது. அதுதான் டெலூஷன். 2003-இல் ஷிதிஜ் கபூர் எழுதிய இந்த விளக்கத்தைப் படித்த பிறகுதான், நோயாளியிடம் வாதாடி நம்பிக்கையை மாற்ற முடியாது என்பது ஏன் என்று எனக்குப் புரிந்தது. அவர் அனுபவிப்பது நிஜமான அனுபவம். மருந்து ஸ்டிக்கர் ஒட்டுவதைக் குறைக்கிறது, ஏற்கனவே கட்டிய கதை மெதுவாகத்தான் கலையும்.

டோபமைன் மட்டும் என்றும் சொல்ல முடியாது. குளூட்டமேட் ஏற்பியைத் தடுக்கும் கெட்டமைன், நல்ல மனிதருக்கும் சிறிது நேரம் சைக்கோசிஸ் மாதிரியான நிலையை உண்டாக்குகிறது. எதிர்மறை அறிகுறிகளுக்கு டோபமைன் மருந்துகள் அவ்வளவாகக் கேட்பதில்லை. ஆகவே நோயாளி பேசாமல், குளிக்காமல் படுத்திருந்தால் அது சோம்பேறித்தனம் இல்லை, நோயின் இன்னொரு முகம்.

கேள்வி 4: ஏன் திரும்ப வருகிறது?

முதல் காரணம் மாத்திரையை நிறுத்துவது. முதல் முறை நோய் வந்து தேறியவர்களை வைத்து 1999-இல் வந்த அமெரிக்க ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. "நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு மாத்திரை" என்ற நல்லெண்ணம்தான் பல ரீ-அட்மிஷன்களுக்குக் காரணம்.

இரண்டாவது, வீட்டின் சூடு. லண்டனில் ஜார்ஜ் பிரவுனும், பிறகு 1976-இல் வாகனும் லெஃபும், ஓயாத குறைசொல்லல், வெறுப்பு, அளவுக்கு மீறிய பொத்திப் பொத்திக் கவனிப்பு ஆகியவை உள்ள வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்புவதைக் காட்டினார்கள். பின்னால் சண்டிகரில் பார்த்தபோது, லண்டனைவிட அங்கே இத்தகைய வீடுகள் குறைவு. குடும்பத்தை உட்கார வைத்து நோயைப் பற்றி விளக்கினாலே நோய் திரும்புவது குறைகிறது என்பது பல நாடுகளில் நிரூபிக்கப்பட்டிருக்கிறது. கவனியுங்கள், இங்கே குடும்பம் நோயின் காரணம் அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி.

அந்த அம்மாவின் கேள்வி

1948-இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர், பாசமில்லாமல் அடக்கி ஆளும் தாயால் இந்த நோய் உண்டாகிறது என்ற கருத்துக்கு ஒரு பெயரே வைத்தார். அடுத்த இருபது முப்பது வருடம் மேற்கு நாடுகளில் ஆயிரக்கணக்கான தாய்மார்கள், பிள்ளைக்கு நோய் வந்த துக்கத்தோடு இந்தப் பழியையும் சுமந்தார்கள்.

1966-இல் அமெரிக்காவின் ஆரிகனில் ஹெஸ்டன் ஒரு எளிய கணக்குப் போட்டார். நோயுள்ள தாய்மார்களுக்குப் பிறந்து, சில நாட்களிலேயே பிரிக்கப்பட்டு வேறு இடத்தில் வளர்ந்த 47 பேர். நோயில்லாத தாய்மார்களுக்குப் பிறந்து அதே மாதிரி வளர்ந்த 50 பேர். முதல் குழுவில் 5 பேருக்கு ஸ்கிசோஃப்ரினியா, இரண்டாவதில் ஒருவருக்கும் இல்லை. வளர்ப்புதான் நோயை உண்டாக்குகிறது என்ற கதை அத்தோடு ஆட்டம் கண்டது. பின்லாந்தின் தத்துப்பிள்ளை ஆய்வு இன்னும் நுணுக்கமாகச் சொன்னது: மரபு வாய்ப்புள்ள பிள்ளைகளுக்கு நல்ல வீடு பாதுகாப்பு, கசப்பான வீடு கூடுதல் சுமை. அந்த வாய்ப்பு இல்லாத பிள்ளைகளுக்குக் கசப்பான வீடும் இந்த நோயைப் பெரிதாகக் கூட்டவில்லை.

நம் ஊரில் பழி வேறு ரூபத்தில் வரும். இப்போது வீட்டுக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பெரியப்பா மகனுக்குத் தொண்ணூறுகளில் இந்த நோய் வந்தது. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் பெரியம்மா அவனை நன்றாகத் திட்டியிருந்தார். அடுத்த மாதம் அவன் அறையைச் சாத்திக்கொண்டு தனக்குத்தானே பேச ஆரம்பித்தான். ஒரு பக்கம் செய்வினை என்றார்கள், இன்னொரு பக்கம் "நீ திட்டினதுதான்" என்றார்கள். தகடு எடுப்பது, மந்திரிப்பது, கோவில் கோவிலாகத் தங்குவது என்று நான்கு வருடம் போனது. அப்புறம்தான் மனநல மருத்துவரிடம் போனார்கள். மாத்திரையில் குரல்கள் அடங்கின. ஆனால் போன நான்கு வருடம் திரும்பவில்லை. சிகிச்சை தாமதமாகத் தாமதமாக மீள்வது கடினம் என்பதைப் பின்னால்தான் படித்தேன். பெரியம்மா சாகும்வரை "அன்னைக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது காரணம் இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியவந்தபோது அவர் இல்லை.

தவறான காரணம் என்ன செய்யும் என்பதற்கு ஏர்வாடியும் சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். பின்னாட்களில் அங்கே தர்காவுக்கு வருபவர்களுக்கு மனநல சிகிச்சையும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. சாமி கும்பிடுவதை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. "கும்பிடுங்க, மாத்திரையும் கொடுங்க" என்றால் போதும்.

அப்போ என்ன சொல்வது?

அக்கா மகளிடம் நான் சொன்னது இவ்வளவுதான். நோயைக் கண்டுபிடித்துச் சொல்வது டாக்டர் வேலை. ஆனால் கையைப் பிடித்துக் கேட்கிறவருக்கு இந்த நாலு வரியைச் சொல்ல உனக்கு உரிமை உண்டு:

"அம்மா, இது நீங்க திட்டினதாலயோ வளர்த்ததாலயோ வந்தது இல்ல. சர்க்கரை, பிபி மாதிரி பல காரணம் சேர்ந்து வர்ற நோய். பிறக்கும்போதே கொஞ்சம் வாய்ப்பு இருந்திருக்கும், அது யார் கையிலயும் இல்ல. இனிமே நடக்கறதுல நம்ம கையில நிறைய இருக்கு: மாத்திரை விடாம இருக்கணும், நல்லா தூங்கணும், கஞ்சா, குடி கூடாது, வீட்ல சத்தம் குறைவா இருக்கணும்."

போன மூன்று வரியும் கடந்த காலத்துக்கு, கடைசி வரி வருங்காலத்துக்கு. இரண்டும் வேண்டும். பழியை எடுத்துவிட்டு கையில் ஒன்றும் கொடுக்காமல் விட்டால், "எல்லாம் விதி" என்று உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டுக்குப் போன பிறகு யாரிடம் கேட்பது என்று தவிப்பவர்களுக்கு டெலி-மானஸ் எண் 14416 இருக்கிறது, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். அதையும் ஒரு தாளில் எழுதிக் கொடு என்றேன்.

ஒரு வாரம் கழித்து மறுபடி போன் செய்தாள். சொன்னாளாம். அந்த அம்மா கொஞ்ச நேரம் அழுதிருக்கிறார். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிம்மா, அந்த ராத்திரி மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னாடி குடுக்கணுமா, பின்னாடியா?" என்று கேட்டாராம்.

மருத்துவத் துறையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், பிழை இருப்பின் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன்.